குளிர்ப் பெட்டகமும் அதன் வால்வும்

இலக்கணமும் இலக்கியமும் பயிலும் மாணவன் ஒருவன் இயந்திரத்தைப் பற்றி எழுதப் புகுந்தது என்னை என்று நண்பர் சிலர் நகைத்தல் கூடும். அதற்கு விடை இதுவே. சென்ற கோடை விடுமுறையில் யான் தூத்துக்குடியிலுள்ள என் மாமா வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். அவர் துறைமுகத்தை அடுத்த கண்டெய்னர்க் கிடங்கு ஒன்றில் குளிர்ப் பெட்டகங்களைப் பழுது பார்க்கும் தொழிலினர். வகுப்பறையில் யான் கல்லாத பாடம் ஒன்றை அக்கிடங்கில் ஓரிரவிற் கற்றேன். அப்பாடம் ஒரு சிறு வால்வைப் பற்றியது. எனினும் வால்வோடு முடிவதன்று. ஆதலின் அதனை நம் கல்லூரி அன்பரோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

குளிர் கடல் கடந்த வரலாறு

சென்னைக் கடற்கரையில் 1842-ஆம் ஆண்டில் ஒரு கட்டடம் எழுந்தது. வட அமெரிக்காவின் ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளிற் பொதிந்து, கப்பலேற்றிக் கொணர்ந்து, இங்கே சேமித்து விற்றற்கென டியூடர் என்னும் வணிகர் அமைத்த பண்டகசாலை அது. ஐஸ் ஹவுஸ் என வழங்கிய அக்கட்டடமே இந்நாளில் விவேகானந்தர் இல்லம் எனப் பெயர் பெற்று நிற்கின்றது. அந்நாளிற் குளிர் என்பது ஒரு சரக்கு. வரும் வழியெல்லாம் உருகிக் குறையும் சரக்கு. வழிநெடுகக் குளிரை உண்டாக்கிக்கொண்டே செல்லும் வகையைக் கடல் வாணிகர் கைக்கொண்டது அதற்குப் பல்லாண்டு கழிந்த பின்னரே.

1882 பிப்ரவரி 15-ஆம் நாள் டனீடின் என்னும் பாய்மரக் கப்பல் உறைந்த இறைச்சியைச் சுமந்து நியூசிலாந்து நாட்டினின்றும் லண்டன் நோக்கிப் புறப்பட்டது. வெப்ப மண்டலத்தைக் கடக்குங்கால், சரக்கறையிற் குளிர்காற்று செவ்வனே பரவாமையைக் கண்ட மாலுமித் தலைவர் விட்சன், காற்றுக் குழாயினுள் தாமே தவழ்ந்து சென்று புதிய துளைகளை அறுத்தார். குளிரில் உணர்விழந்த அவரைக் கயிற்றாற் பிணித்து வெளியே இழுத்துக் காத்தனர் என்பர். 98 நாள் கடலிற் கழித்து அக்கப்பல் லண்டன் சேர்ந்தபொழுது இறைச்சி கெடாதிருந்தது. ஈண்டு நாம் நோக்கத்தக்கது ஒன்றுண்டு. இயந்திரம் குளிரை உண்டாக்கிக்கொண்டுதான் இருந்தது. குறை இயந்திரத்தில் இல்லை. காற்றுச் செல்லும் வழியில் இருந்தது. குற்றம் எங்கே என்று அறிந்த பின்னரே அத்தலைவர் அரத்தைக் கையில் எடுத்தார்.

பின்னர், 1930-களின் இறுதியில், பிரெடெரிக் மெக்கின்லி ஜோன்ஸ் என்னும் அமெரிக்கக் கறுப்பினத்தவர், சரக்குந்தின்மேற் பொருத்தத்தக்க சிறு குளிர்ப்பொறியை அமைத்தார். இளமையிற் பெற்றோரை இழந்து, பள்ளிப் படிப்பை முடியாது, தம் முயற்சியாலேயே பொறியியல் கற்றவர் அவர். அவர் மறைந்து முப்பதாண்டு கழிந்த பின், 1991-இல், அந்நாட்டரசு தொழில்நுட்பத்துக்குரிய தேசியப் பதக்கத்தை அவர் பெயரால் வழங்கிற்று. 1956 ஏப்ரல் 26-ஆம் நாள் மால்கம் மக்லீன் என்பவர் 58 இரும்புப் பெட்டகங்களை ஒரே கப்பலில் ஏற்றி அனுப்பினார். பெட்டகமும் குளிர்ப்பொறியும் பின்னாளில் ஒன்று சேர்ந்தன. அச்சேர்க்கையே இன்று ரீஃபர் எனத் துறைமுகத்தார் வழங்கும் குளிர்ப் பெட்டகம்.

நாற்பதடி நீளமுள்ள வெண்ணிறப் பெட்டி. ஒரு முகத்தில் இரட்டைக் கதவு. மறு முகத்தில் இயந்திரம். இதுவே அதன் உருவம். இயந்திரம் குளிர்காற்றைத் தரையின் பள்ளங்கள் வழியே செலுத்துகின்றது. அக்காற்று சரக்கினூடே எழுந்து மேற்புறமாகத் திரும்பி வருகின்றது. வாழைக்காய்க்கு ஏறத்தாழ 13 டிகிரி செல்சியஸ் வேண்டும்; அதனினும் தாழ்ந்தால் தோல் கறுத்துவிடும். உறைந்த இறாலுக்குப் பூச்சியத்திற்குக் கீழ் 18 டிகிரி வேண்டும். மற்றொன்றும் அறிதல் வேண்டும்: உறைந்த சரக்கை அந்நிலையிலேயே காப்பது இப்பெட்டகத்தின் தொழில், வெம்மையான சரக்கை உறையச் செய்வது அதன் தொழிலன்று.

குளிர் உண்டாகும் வகை

கோடையில் மண்பானை நீர் குளிர்ந்திருத்தலை அறியாதார் இலர். பானையின் நுண்துளை வழியே கசியும் நீர் ஆவியாகின்றது. ஆவியாதற்கு வேண்டும் வெப்பத்தைப் பானையினின்றும் கவர்ந்துகொள்கின்றது. குளிர்ப்பொறியின் தத்துவமும் இதுவே. வேறுபாடு ஒன்றே: பானையிற் கசிந்த நீர் காற்றிற் கலந்து போய்விடும்; பொறியிலோ ஆவியான பொருளை மீட்டும் நீர்மமாக்கி மறுபடியும் பயன்படுத்துகின்றனர்.

அப்பொருள் நீர் அன்று. மிகத் தாழ்ந்த வெப்பத்திலேயே கொதிக்கும் ஒரு வாயு. நெடுங்காலம் பெட்டகங்களில் வழங்கி வந்த ஆர்-134ஏ என்னும் வாயு, வளிமண்டல அழுத்தத்தில், பூச்சியத்திற்குக் கீழ் 26 டிகிரியிற் கொதிப்பது. இது நான்கு உறுப்புக்களின் வழியே ஓயாது சுற்றி வருகின்றது. கம்ப்ரஸர் அதனை அமுக்கி வெம்மையும் அழுத்தமும் ஏற்றுகின்றது. வெளிப்புறத்திலுள்ள கண்டென்ஸர்ச் சுருளில் அது தன் வெப்பத்தை வெளிக்காற்றுக்கு ஈந்து நீர்மமாகின்றது. அடுத்து விரிவு வால்வின் குறுகிய வாயிற் புகுந்து, அழுத்தம் திடீரெனக் குறைந்து, பெரிதும் குளிர்கின்றது. இறுதியாக, பெட்டகத்தின் உட்புறத்திலுள்ள ஆவிச்சுருளிற் கொதித்து, உள்ளிருக்கும் வெப்பத்தைக் கவர்ந்து, ஆவியாய்க் கம்ப்ரஸருக்கு மீள்கின்றது.

இந்நான்கனுள் விரிவு வால்வே அளவிற் சிறியது, கைக்குள் அடங்குவது. ஆயினும் சுற்றின் இரு பாதிகளையும் பிரித்து நிற்பது அதுவே. அதற்கு முன் மிகுந்த அழுத்தம். பின் குறைந்த அழுத்தம்.

மடையும் கடைமடையும்

வால்வின் தொழிலை விளங்கிக்கொள்ள நம் நாட்டு வயலை நினைத்தாற் போதும். வாய்க்கால் நீரை வயலுக்கு விடுவது மடை. மடையைச் சிறிதே திறந்தால் கடைமடைப் பயிர் வாடும். பெரிதாகத் திறந்தால் நீர் வரப்பை மீறிப் பாயும். ஆதலின் அறிவுடைய உழவன் மடையருகே நில்லான். கடைமடைக்குச் சென்று ஈரத்தைக் கண்டு, அதற்கேற்ப மடையைத் திருத்துவான்.

விரிவு வால்வே மடை, ஆவிச்சுருளே வயல். நீர்மம் முழுவதும் சுருளின் கடைசிக்குள் ஆவியாகிவிடல் வேண்டும். அங்ஙனமன்றி நீர்மமாகவே கம்ப்ரஸருக்குட் புகுந்தால், அமுக்க இயலாத அந்நீர்மம் அதன் உறுப்புக்களை உடைத்துவிடும். வரப்பை மீறும் வெள்ளம் அதுவே. ஆகவே சுருளின் கடைசியில் வரும் ஆவி, தான் கொதித்த வெப்பநிலையினும் சில டிகிரி மிகுந்திருத்தல் வேண்டும். அம்மிகுதியைத் தொழிலாளர் சூப்பர்ஹீட் என்பர். கடைமடையின் ஈரத்தை அளக்கும் கோல் இது.

பழைய அமைப்பில், கடைமடையிற் காவல் நிற்பது ஒரு சிறு செப்புக் குமிழ். சுருளிலிருந்து வெளிவரும் குழாயின்மேல் அதனை இறுகக் கட்டியிருப்பர். குழாய் வெம்மையுற்றால் குமிழுக்குள் அடைத்த பொருள் விரிந்து, மயிர்போன்ற நுண்குழல் வழியே வால்வின் தலையிலுள்ள மெல்லிய தகட்டை அமுக்கும். வால்வு மிகத் திறக்கும். குழாய் குளிர்ந்தால் வில்லின் விசை மேலோங்கி வால்வு மூடும். புதிய அமைப்பில் இத்தொழிலை மின்மோட்டார் செய்கின்றது. அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளக்கும் உணர்விகளைக் கேட்டுக் கணிப்பொறி அதற்கு ஆணையிடுகின்றது. கருவி மாறினும் தொழில் ஒன்றே.

அன்றிரவு நிகழ்ந்தது

இனி நிகழ்ச்சிக்கு வருவோம். இரவு ஒன்பது மணிக்கு மாமாவுக்கு அழைப்பு வந்தது. உறைந்த இறால் ஏற்றிய பெட்டகம் ஒன்று கப்பலுக்காகக் காத்திருந்தது. குறித்த வெப்பநிலை பூச்சியத்திற்குக் கீழ் 18; திரும்பி வரும் காற்றோ கீழ் 11-ஐக் காட்டியது. யானும் உடன் சென்றேன். அங்கிருந்த இளைஞர், "அண்ணாச்சி, அழுத்தமானியைப் பார்த்தேன். இழுப்புப் பக்கம் வெற்றிடத்திற்கே இறங்கிவிட்டது. வால்வு அடைபட்டுப் போயிற்று. புதிய வால்வு கிடங்கில் இருக்கிறது, மாற்றிவிடுவோமா?" என்றார்.

மாமா உடனே விடை கூறவில்லை. "தம்பி, வால்வு குற்றவாளியாக இருக்கலாம், ஆனால் விசாரணை இன்னும் தொடங்கவில்லையே" என்று மட்டும் சொல்லி, பெட்டகத்தைச் சுற்றி வந்தார்.

முதலில் மின்சாரத்தைச் சோதித்தார். மூன்று கம்பிகளிலும் மின்னழுத்தம் ஒத்திருந்தது. அடுத்துக் காற்றை நோக்கினார். ஆவிச்சுருளின்மேற் பனி மூடியிருப்பினும், உள்விசிறி நின்றுபோயினும், சரக்கை அளவுக்கு மிஞ்சி அடுக்கிக் காற்று வழியை அடைத்திருப்பினும், வெம்மை ஏறும். வால்வு நல்லதாயிருந்தும் பழி அதன்மேல் விழும். மேற்புறப் பலகையைக் கழற்றிப் பார்த்தோம். விசிறிகள் சுழன்றன. சுருளின் தொடக்கத்தில் மட்டும் சிறிது பனி. எஞ்சிய பகுதி வெறுமையாயிருந்தது. வயலின் தலைமடையில் மட்டும் ஈரம், கடைமடை வறட்சி. நீர்மம் போதிய அளவு வரவில்லை என்பது தெளிவாயிற்று.

ஏன் வரவில்லை? இதற்குக் காரணம் பலவாகலாம் என்று மாமா விரல்விட்டு எண்ணினார். வாயு கசிந்து குறைந்திருக்கலாம். வால்வுக்கு முன்னுள்ள வடிகட்டி அடைபட்டிருக்கலாம். குமிழின் உட்பொருள் வெளியேறி வால்வு மூடியே இருக்கலாம். வால்வின் வாயிலில் அழுக்கு நிற்கலாம். அல்லது பனிக்கட்டி நிற்கலாம். இவ்வைந்தும் அழுத்தமானியில் ஒரே முகத்தையே காட்டும். வெற்றிடத்தைக் கண்டு வால்வைக் குற்றம் சாற்றுவது, காய்ச்சலைக் கண்டு நோயின் பெயரைச் சொல்லிவிடுவது போலாம்.

வடிகட்டியின் இருபுறத்தையும் தொட்டுப் பார்த்தார். வெப்பம் ஒத்திருந்தது, அடைபட்டிருந்தால் வெளிப்புறம் குளிர்ந்திருக்கும். கண்ணாடித் துவாரத்தை நோக்கினார். நீர்மம் தெளிவாக நின்றது. வாயு குறைந்திருந்தால் குமிழிகள் ஓடும். ஆனால் அத்துவாரத்தின் நடுவிலுள்ள ஈரங்காட்டி, உலர்ந்திருக்குங்காற் காட்டும் பச்சையைவிட்டு மஞ்சளாக மாறியிருந்தது. அதனை எனக்குச் சுட்டிக் காட்டி, "மருமகனே, சாட்சி ஒருவர் வாய் திறந்துவிட்டார்" என்றார்.

பின்னர் இயந்திரத்தின் நினைவுப் பதிவை எடுத்துப் படித்தார். ஆவிச்சுருளிற் படியும் பனியை நீக்குதற்குப் பொறி தானே சில மணிக்கு ஒருமுறை மின்வெப்பக் கம்பியை மூட்டிச் சுருளைச் சூடேற்றும். ஒவ்வொரு முறையும் அவ்வாறு சூடேறிய பின் பெட்டகம் நன்கு குளிர்ந்திருந்தது. ஏறத்தாழ இரண்டு மணி கழிந்ததும் வெம்மை மீண்டும் ஏறியிருந்தது. அழுக்காயின் சூட்டினால் நீங்காது. குமிழ் பழுதுபட்டதாயின் சூட்டினால் நலம் பெறாது. சூட்டினால் நீங்கி, குளிரினால் மீள்வது பனிக்கட்டி ஒன்றே.

இறுதிச் சோதனை மிக எளியது. துணியை வெந்நீரில் தோய்த்து வால்வின் உடலிற் சுற்றினார். சற்று நேரத்தில் வால்வுக்குள் சீறும் ஒலி எழுந்தது. அழுத்தமானியின் முள் வெற்றிடத்தினின்றும் மேலேறியது. இளைஞர் ஒன்றும் பேசவில்லை. வால்வு அடைபட்டிருந்தது மெய். ஆனால் வால்வு பழுதன்று. வாயுவோடு கலந்து சுற்றிய ஒரு சிறிது நீர், குளிர்மிக்க அக்குறுவாயிலில் உறைந்து நின்றது.

நீர் வந்த வழி

அடைத்த குழாய்களுக்குள் நீர் எங்ஙனம் புகுந்தது? பழைய பணிப்பதிவைப் புரட்டியபொழுது விடை கிடைத்தது. அப்பெட்டகத்தின் வால்வு ஓராண்டிற்குள் இருமுறை மாற்றப்பட்டிருந்தது. இரு பதிவிலும் வடிகட்டி மாற்றிய குறிப்பில்லை. வெற்றிடம் ஏற்றிய அளவும் எழுதப்படவில்லை. ஆர்-134ஏ வாயுவோடு வழங்கும் எஸ்ட்டர் எண்ணெய், காற்றிலுள்ள ஈரத்தை விரைந்து பருகும் இயல்பினது. குழாயைத் திறந்து வைத்த ஒவ்வொரு நாழிகையும் கடற்காற்றின் ஈரம் உட்சென்றது. நோய் தீர்க்கச் செய்த பணியே நோயை வளர்த்தது. வால்வை மூன்றாம் முறையும் மாற்றியிருந்தால், பெட்டகம் அன்றிரவு நன்றாகவே ஓடியிருக்கும். நடுக்கடலில் மீண்டும் நின்றிருக்கும்.

அப்பெட்டகத்துள் இருந்தது வெறும் சரக்கன்று என்பதை மாமா எனக்கு உணர்த்தினார். உருகி மீண்டும் உறைந்த இறால் தன் சுவையும் உறுதியும் இழக்கும். வெம்மை மிகின் உண்ணத் தகாததாகும். அதனை வளர்த்தவரும், தோலுரித்துப் பொதிந்த பெண்மக்களும், கடன் வாங்கி அனுப்பிய வணிகரும் அவ்வாயிலின் ஒரு துளி நீருக்கு ஈடு கொடுக்க நேரும். உரியவரின் இசைவு பெற்று, முன்னரே குளிர்வித்த வேறொரு பெட்டகத்திற்குச் சரக்கை இரவோடிரவாக மாற்றினர். அதன் பின்னரே பழுது பார்க்கும் வேலை தொடங்கிற்று.

பழுது நீக்கிய முறை

முதலில் மின்செருகியைப் பிடுங்கி, பிறர் மாட்டாதபடி பூட்டிட்டு, எச்சரிக்கைச் சீட்டும் தொங்கவிட்டார். இப்பெட்டகங்கள் 380 முதல் 460 வோல்ட் வரையுள்ள மும்முனை மின்சாரத்தில் இயங்குவன. தவறுக்கு இரண்டாம் வாய்ப்புத் தாரா. கைக்கு உறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் அணிந்துகொண்டார். சீறி வரும் நீர்மம் பட்ட இடத்தில் தோல் உறைந்து புண்ணாகும்.

வாயுவைக் காற்றில் விடாது, மீட்பு இயந்திரத்தாற் சிலிண்டரில் ஏற்றினார். இது சிக்கனத்தின் பொருட்டு மட்டுமன்று. முன்னர் வழங்கிய ஆர்-12 என்னும் வாயு வானிலுள்ள ஓசோன் படலத்தைச் சிதைத்தமையால், 1987-இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை தோன்றி அவ்வகை வாயுக்களை விலக்க வழிவகுத்தது. அதன் இடத்தில் வந்த ஆர்-134ஏ ஓசோனுக்குத் தீங்கிழையாது. ஆயினும், நூறாண்டுக் கணக்கில், கரியமிலவாயுவினும் ஏறத்தாழ 1,430 மடங்கு புவியை வெம்மையாக்க வல்லது. ஒரு பெட்டகத்தில் அது நான்கைந்து கிலோ இருக்கும்.

பின்னர் வடிகட்டியைப் புதிதாக மாற்றினார். வால்வைக் கழற்றி, அதன் வாயிலிலுள்ள சல்லடையைத் தூய்மை செய்து, மீண்டும் அவ்வால்வையே பொருத்தினார். இணைப்பைப் பற்றவைக்குங்கால் வால்வின் உடலை ஈரத்துணியாற் சுற்றினார். இல்லையேல் சுடர் அதன் உள்ளுறுப்பைக் கெடுத்துவிடும். குழாயினுள் உலர்ந்த நைட்ரஜனை மெல்லெனச் செலுத்திக்கொண்டே பற்றவைத்தார். இல்லையேல் செம்பின் உட்புறத்திற் கரும்பொருக்கு உண்டாகி, பின்னர் உதிர்ந்து வால்வை அடைக்கும். கசிவு உண்டா என்று பார்ப்பதற்கும் நைட்ரஜனையே நிரப்பிச் சோப்பு நுரை பூசினார். ஆக்ஸிஜனை ஒருகாலும் நிரப்பலாகாது. அது எண்ணெயோடு கூடி வெடிக்கும்.

குமிழைக் கட்டுவதிலும் ஒரு முறையுண்டு. குழாயைப் பளபளப்பாகத் துடைத்து, நேராகக் கிடக்கும் பகுதியில், உலோகம் உலோகத்தை முழுதும் தொடுமாறு இறுக்கி, மேலே வெப்பம் புகாத உறை சுற்றல் வேண்டும். குமிழ் தளர்ந்தால் அது குழாயின் குளிரை அறியாது, சூழ்ந்த காற்றையே அறிந்து, வால்வை மிகத் திறந்துவிடும். கடைமடைக் காவலன் தன் இடம் விட்டு அகன்றால் வெள்ளம் வருவது இயல்பே. அப்பொழுது இழுப்பழுத்தம் ஏறும், சூப்பர்ஹீட் குறையும், கம்ப்ரஸரின் உடலும் பனி பூக்கும். வறட்சிக்கு மாறான நோய் இது. மின்வால்வாயின், அதனைக் குறைகூறும் முன் உணர்விகளை ஐயுறுதல் வேண்டும். பனிக்கட்டி மிதக்கும் நீரில் உணர்வியைத் தோய்த்தால் அது பூச்சியம் காட்டல் வேண்டும். காட்டாதாயின் பொய் கூறுவது உணர்வியே, வால்வன்று.

எல்லாவற்றினும் பொறுமை வேண்டிய வேலை வெற்றிடம் ஏற்றுவது. அழுத்தம் குறையக் குறைய நீர் தாழ்ந்த வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகும். அவ்வாவியைப் பம்பு இழுத்துவிடும். பாதரச அளவில் அரை மில்லிமீட்டர், அஃதாவது வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ 1,500-இல் ஒரு பங்கு வரும்வரை மாமா பம்பை ஓட்டினார். பின்னர் நைட்ரஜன் விட்டு, மீண்டும் வெற்றிடம் ஏற்றினார். மூன்றாம் முறையும் அவ்வாறே செய்தார். பம்பை நிறுத்திய பின் முள் ஏறாது நிற்கின்றதா என்று நோக்கியிருந்தார். அவ்வேளையில் பொழுது புலர்ந்துவிட்டது. "முன்னிருமுறையும் இந்த ஓரிரவைத்தான் திருடிவிட்டார்கள்" என்று அவர் சொன்னது இன்றும் என் செவியில் ஒலிக்கின்றது.

புதிய வாயுவைத் தராசில் நிறுத்து ஏற்றினார், கண்மதிப்பால் ஏற்றவில்லை. பொறி ஓடத் தொடங்கிற்று. வெறும் பெட்டகம் கீழ் 18 டிகிரியை அடைந்த பின்னும் அவர் அதனை விடுவிக்கவில்லை. மூன்று முறை பனிநீக்கம் நிகழ்ந்து, மூன்று முறையும் வெம்மை மீளாமையைக் கண்ட பிறகே, ஈரங்காட்டி பச்சை நிறம் அடைந்ததையும் குறித்து, பணிப்பதிவில் ஒவ்வோர் அளவையும் எழுதிக் கையொப்பமிட்டார்.

போலி வாயு விளைத்த கேடு

ஒரு பெட்டகத்தின் வாயுவைப் பற்றி இத்துணைக் கவலை வேண்டுமோ என்று யான் வினவினேன். அதற்கு மாமா 2011-ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றைக் கூறினார். அவ்வாண்டில் வியட்நாம், பிரேசில் முதலிய நாட்டுத் துறைமுகங்களிற் குளிர்ப் பெட்டகங்கள் சில திடீரென வெடித்தன. தொழிலாளர் மூவர் உயிர் துறந்தனர். ஆராய்ந்தபொழுது, ஆர்-134ஏ என்னும் பெயரால் விற்ற போலி வாயு பழுது பார்க்குங்கால் ஏற்றப்பட்டிருந்தமை வெளிப்பட்டது. அதிற் கலந்திருந்தது மலிவான மீதைல் குளோரைடு. அது பொறியிலுள்ள அலுமினியத்தோடு கூடி, டிரைமீதைல் அலுமினியம் என்னும் பொருளை உண்டாக்கும். அப்பொருள் காற்றுப் பட்ட மாத்திரத்தே தீப்பற்றுவது. உலகெங்கும் ஐயத்திற்குரிய நூற்றுக்கணக்கான பெட்டகங்களைத் தனியே ஒதுக்கி வைக்க நேர்ந்தது. அதன் பின், வாயுவிற் குளோரின் உண்டா என்று சுடர் விளக்கால் ஆராயும் வழக்கம் பரவிற்று. தூய ஆர்-134ஏ-இற் குளோரின் இல்லை. சுடர் பச்சையானால் அது போலி.

மலிவாய்க் கிடைத்த சிலிண்டரை ஒருவர் ஒரு துறைமுகத்தில் ஏற்றினார். எங்கோ தொலைவில், அவர் முகத்தை ஒருநாளும் கண்டிராத ஒருவர் மாண்டார்.

முடிவுரை

இப்பணியில் யான் கண்ட உண்மை இதுவே. வால்வை மாற்றுவது எளிது; வால்வு ஏன் நின்றது என்று அறிவது அரிது. முன்னையதற்கு ஒரு மணி போதும். பின்னையதற்கு ஓரிரவு வேண்டும். ஆயின் முன்னையது குற்றத்தை மறைக்கும். பின்னையதே அதனை நீக்கும். நாம் ஏடுகளை ஆராயுங்காலும் இதுவே நெறியன்றோ? பொருள் விளங்காத சொல்லைக் கண்டவுடன் பாடம் பிழை என்று திருத்த முற்படுகின்றோம். அச்சொல் பிழையா, அன்றி நம் அறிவிற் பனி உறைந்துள்ளதா என்று வெந்நீர்த் துணி சுற்றிப் பார்த்தவர் சிலரே.

மூன்றாம் நாள் யான் ஊர் திரும்பப் புறப்பட்டபொழுது, அந்த இளைஞர் வேறொரு பெட்டகத்தின் முன் நின்றிருந்தார். அவர் கையில் புதிய வால்வு இல்லை. பழைய பணிப்பதிவு இருந்தது. அதனை முதல் ஏட்டிலிருந்து படித்துக்கொண்டிருந்தார். மாமா அதனைக் கண்டும் காணாதவர்போல் அப்பாற் சென்றார்.

— தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவன்